சுருளிப்பட்டியில் ஓர் இரவு, 11 நாள் கழித்து ஒரு காய்ச்சல்

மார்கழி முதல் வாரம்தான் எங்கள் தொழிலில் மூச்சு விடக் கிடைக்கிற நேரம். மதுரையில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா அழைப்பிதழும்தான் வருமானம். கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து, தை மாதப் பத்திரிகைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் வரை பத்து நாள் இயந்திரம் சும்மா நிற்கும். அதில் ஐந்து நாளை எடுத்துக்கொண்டு, சென்ற மார்கழியில் காரில் தனியாகக் கிளம்பினேன். கும்பக்கரை, சுருளி, மேகமலை, பிறகு திரும்பி ராஜபாளையம் வழியாகக் குற்றாலம். அருவி அருவியாகக் குளிக்க வேண்டும், இடையில் ஓர் இரவாவது கூடாரத்தில் தூங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அந்த ஆசையில் தவறு இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஓர் இரவுக்காக 75,000 ரூபாய்க்கு மேல் போனது, 20 நாள் தொழில் போனது, இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். வெள்ளத்தைப் பற்றி எச்சரித்தவர்கள் இருந்தார்கள். யானையைப் பற்றி எச்சரித்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கீழே சாய்த்ததைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகளின் படிப்புக்காக மனைவி திருச்சியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கிளம்பும் முன் பேசியபோது, "போய்விட்டு வாருங்கள், ஆனால் இரவு எங்கும் வெட்டவெளியில் தங்காதீர்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். லாட்ஜில் தங்குவதாகச் சொன்னேன். அப்போதே 2,800 ரூபாய்க்கு வாங்கிய கூடாரம் காரின் பின்பக்கம் இருந்தது. இந்தப் பொய் பின்னால் என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன்.

செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போதே மேற்கே மலை தெரியத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் அந்த இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் மலையைப் பார்ப்பது நல்லது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று பார்க்கவில்லை. தேனிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பெரியகுளம் வழியாக 11 மணிக்குக் கும்பக்கரை சேர்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. வனத்துறைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போனால், பாம்பாறு பாறைகளின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் அப்படி ஒரு தெளிவு, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அங்கே பாறைக்குள் ஆறு குடைந்திருக்கும் ஆழமான பள்ளங்களைக் கெஜம் என்பார்கள். யானைக் கெஜம், உரல் கெஜம், பாம்புக் கெஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலே பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர் போல இருக்கும், உள்ளே ஆளை விழுங்கும். கம்பி கட்டிய இடத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அரை மணி நேரம் குளித்திருப்பேன். திடீரென்று வனத்துறை ஊழியர் ஒருவர் விசிலை விடாமல் ஊதிக்கொண்டே கீழே ஓடிவந்தார். எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லையே, எதற்கு இந்த அவசரம் என்று நினைத்தேன். கரையேறித் துண்டை உதறிக்கொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. பால் விட்ட தேநீர் போலக் கலங்கியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் உட்கார்ந்து குளித்த பாறை காணாமல் போய்விட்டது. முதுகில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. மழை பெய்தது எனக்கு மேலே அல்ல, கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில். அங்கே பெய்வது இங்கே இறங்கிவரக் கொஞ்ச நேரம் போதும்.

அருவிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தின் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, அந்த ஆறு புறப்படும் மலையைப் பார்க்க வேண்டும். கும்பக்கரைக்கு வட்டக்கானல், சுருளிக்கு மேகமலைப் பக்கத்துத் தூவானமும் ஹைவேவிஸும். காலையில் அங்கே மழையா என்று விசாரித்துக்கொள்ளலாம். குளிக்கும்போது தண்ணீர் லேசாகக் கலங்கினாலோ, இலைதழை வரத் தொடங்கினாலோ, அருவியின் இரைச்சல் கனத்தாலோ, செருப்பையும் துணியையும் தேடாமல் பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. அது குற்றாலச் சீசன்கூட இல்லை, கோடை. அந்த ஊழியரின் விசிலுக்கு நான் நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

மறுநாள் கம்பம். ஒரு பெரிய கணக்கை நான் விட்டிருந்தேன். மார்கழி என்றால் சபரிமலைக் காலம். கம்பம் வழியாகக் கேரளாவுக்கு ஏறும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விட்டிருந்தார்கள். லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன், ஓர் அறை கிடைக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் அறையை முன்கூட்டியே உறுதி செய்துவிடுங்கள், அல்லது சின்னமனூரிலோ தேனியிலோ தங்கிவிடுங்கள். நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் சுருளிக்குப் பக்கத்தில் ஓடைக்கரையில் கூடார முகாம் நடத்துவதாகச் சொன்ன ஒருவருக்குப் போன வாரமே 1,500 ரூபாய் முன்பணம் அனுப்பியிருந்தேன். படத்தில் வெள்ளை மணல், விளக்குச் சரம், பின்னால் மலை, எல்லாம் அழகாக இருந்தன.

சுருளிப்பட்டி தாண்டி அவர் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. முகாம் என்று ஒன்றும் இல்லை. அணைந்த அடுப்புக் கற்களும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. கைப்பேசியில் அழைத்தால் அணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. இதில் நான் கற்றுக்கொண்டது, பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நிலம் பட்டாவா, யாருடைய பெயரில்? இரவு அங்கே யார் இருப்பார்கள்? மழை வந்தால் ஒதுங்கக் கட்டடம் உண்டா? ஒழுங்காக நடத்துகிறவர் மூன்றுக்கும் நின்று பதில் சொல்வார். இன்னொன்றும் உண்டு. அந்த மலைப்பகுதி 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வனம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் இரவு தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததைத் தேனிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லும் ஆளோடு காட்டுக்குள் போகவே கூடாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரும்பிக் கம்பம் போகலாம், காரிலேயே உட்கார்ந்து தூங்கலாம் என்ற எண்ணம் வந்தது. ஆனால் அந்த ஓடை மணல் அவ்வளவு சமமாக, மெத்தை போல இருந்தது. நடுவில் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. கூடாரத்தை விரித்துவிட்டேன். அப்போது கரையின் மேல் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பகுதி அது, கொடிப்பந்தல் தென்னந்தோப்பு வரைக்கும் போகிறது. அவர் கோபப்படவில்லை. மணலில் ஓரிடத்தைக் காலால் தேய்த்துக் காட்டினார். சருகும் வேரும் பிளாஸ்டிக் துண்டும் ஒரே கோடாக ஒதுங்கியிருந்தன, என் முழங்கால் உயரத்தில் ஒரு புதரிலும் அதே கோடு.

"தம்பி, இது தண்ணீர் படுக்கிற இடம். அது படுக்கிற இடத்தில் நாம் படுக்கக் கூடாது. மேலே பாருங்கள், தூவானம் பக்கம் மின்னுகிறது."

"இல்லை ஐயா, இங்கே முகாம் நடக்கிறது என்று சொன்னார்கள்."

"சொன்னவர் இங்கே இரவு தங்கியிருக்கிறாரா?"

பதில் இல்லை. அவர் தன் தோப்பின் ஓரத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளச் சொன்னார், பணம் வாங்க மறுத்துவிட்டார். மோட்டார் அறையின் சாவி எங்கே இருக்கும் என்றும் காட்டினார், யானைச் சத்தம் கேட்டால் அதற்குள் போய்விட வேண்டும் என்றார். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், வாழைப்பழம் இருந்தால் இப்போதே தின்றுவிடுங்கள் என்றார். நான் எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். பார்த்து வைத்த இடம், தோப்பும் புதரும் சந்திக்கும் ஒரு வரப்பு. மேடாக இருந்தது, முழங்கால் உயரத்துக்குப் புல். அந்தப் புல்லை மிதித்துச் சாய்த்து அதன் மேல் கூடாரத்தை விரித்தேன். ஈரமான வேட்டியையும் உள்ளாடைகளையும் பக்கத்துப் புதரில் காயப்போட்டேன். கூடாரத்துக்கு வெளியே வெறும் புல்லில் கைலியோடு இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்து வானம் பார்த்தேன். மதுரையில் பார்க்கக் கிடைக்காத அளவு நட்சத்திரம். அந்த இரண்டு மணி நேரத்தைப் போல நிம்மதியாக நான் சமீபத்தில் இருந்ததில்லை. என்னைக் கடித்தது அப்போதுதான் என்று பிறகு மருத்துவர் கணித்தார்.

இரவு ஒன்றரை மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். மழை என்று நினைத்தேன், கையை வெளியே நீட்டினால் தூறல்கூட இல்லை. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவது போன்ற சத்தம். டார்ச்சை அடித்தால், ஓடை கரையோடு கரையாக ஓடிக்கொண்டிருந்தது. நாலரை மணிக்கு நான் கூடாரம் விரித்த மணல் எங்கே என்றே தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேரில் சிக்கிச் சுழன்றது. உடம்பெல்லாம் நடுங்கியது. அந்தப் பெரியவர் மாலையில் மாடு பிடிக்க வேறு பக்கம் போயிருந்தால் என்ற நினைப்பு விடியும்வரை என்னைத் தூங்க விடவில்லை. மகள் முகம் வந்து வந்து போனது. ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க வேண்டும் என்று கேட்டால், தூரத்தை விட உயரம்தான் கணக்கு. கரையில் சருகுக்கோடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், அதற்கு மேலே ஆளுயரமாவது ஏறிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் கூடாரத்தின் முளையை அடிக்காதீர்கள்.

காலையில் பெரியவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, புதரில் காய்ந்திருந்த அதே துணிகளை உதறி உடுத்திக்கொண்டு கிளம்பினேன். சுருளியில் வெள்ளம், குளிக்கத் தடை. அந்த அருவிக்கு நுழைவாயிலிலிருந்து காட்டுக்குள் நடந்து போக வேண்டும். யானைகள் அந்தப் பாதையில் இறங்கினாலும் மூடிவிடுவார்கள். ஆகவே அதை நம்பி ஒரு முழு நாளை ஒதுக்காமல், மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. மேகமலையையும் கைவிட்டேன், தூங்காத கண்ணோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டத் துணிவில்லை. அது சரியான முடிவுதான். தேனி, உசிலம்பட்டி, பேரையூர், தே. கல்லுப்பட்டி என்று வந்து ராஜபாளையத்தில் அறை எடுத்துப் பத்து மணி நேரம் தூங்கினேன். மறுநாள் குற்றாலத்தில் ஐந்தருவியில் நன்றாகக் குளித்தேன். மகளுக்குத் திருவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாள் மாலை மதுரை வந்துவிட்டேன். பெட்ரோல் 3,900, தங்கும் செலவும் சாப்பாடும் 4,200. பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தேன், கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 30 மாலை, பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது எழுத்துகள் கலங்கின. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பது போலத் தலைவலி. இரவு 103 டிகிரி. சுருளிப்பட்டி இரவிலிருந்து சரியாக 11 நாள். இடைவெளி அவ்வளவு இருந்ததால் இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கவில்லை. இங்கேதான் எல்லாம் தவறியது. மருந்துக் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டேன், இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கூட்டம். இரண்டு நிமிடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மறுபடி போனபோது இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. வைடால் சோதனை டைபாய்டு என்று காட்டியது. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கினார்கள். காய்ச்சல் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. எந்தக் கட்டத்திலும் யாரும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனைவி தினமும் தொலைபேசியில் பேசினாள். காய்ச்சல் என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள், வந்தால் கூடாரம் கண்ணில் படும். சளிதான், சரியாகிவிடும் என்று ஒரு வாரம் சொன்னேன். தனி வீட்டில், தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்துகொண்டு அப்படிச் சொன்னேன்.

ஜனவரி 6 காலை மாடிப்படி ஏற முடியவில்லை. நான்கு படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன், மூச்சு வாங்கியது, இருமல். அச்சகத்துப் பையன்தான் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 62,000-க்கு இறங்கியிருந்தது, கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் என் கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் என் முன்னால் உட்கார்ந்த முதல் மருத்துவர் அவர்தான்.

"கடந்த மூன்று வாரத்தில் தோட்டம், காடு, மலைப் பக்கம் எங்காவது போனீர்களா அண்ணா?"

சொன்னேன். கூடாரத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவர் திரையை இழுத்துவிட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் என்று டார்ச் அடித்துத் தேடினார். கைலி முடிச்சு அழுந்தும் இடத்துக்குக் கீழே, இடது அடிவயிற்று மடிப்பில் அது இருந்தது. மிளகைவிடச் சற்றுப் பெரியதாக, கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட் நெருப்புச் சுட்ட தழும்பு போல. வலி இல்லை, அரிப்பு இல்லை. வேனல் கட்டி உடைந்து காய்ந்தது என்று நினைத்து அதன் மேல் நானே நாலு நாள் சோப்புப் போட்டுக் குளித்திருக்கிறேன். புள்ளியும் கமாவும் தேடியே பிழைக்கிற என் கண்ணுக்கு என் உடம்பில் இருந்த அந்தக் கரும்புள்ளி படவில்லை.

ஸ்க்ரப் டைபஸ் என்றார். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள், ஆனால் நாய், மாட்டின் மேல் நாம் பார்க்கும் உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிற்றுயிரியின் குஞ்சு, கண்ணால் பார்ப்பதே அரிது. எலி போன்றவற்றின் மேல் ஒட்டி வாழும், நாம் புல்லில் படுத்தால் நம் மேல் ஏறும். ஆடை இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடிப்பது தெரியாது. அதன் வழியாக ஒரு பாக்டீரியா உடம்புக்குள் போய், ஆறிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சலாக வெளிப்படும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. தடுப்பூசி கிடையாது. நம் பக்கம் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களில் அதிகம் வருகிறது, அதாவது நாம் அருவிக்குப் போகும் அதே மாதங்கள். நான் விழுங்கிக்கொண்டிருந்த செஃபிக்ஸிம் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. இதற்குக் கேட்கும் மருந்து டாக்ஸிசைக்ளின். அன்றிரவே தொடங்கினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வந்தது, உறுதியானது. அதற்குக் காத்திருக்காமல் பொருக்கைப் பார்த்தே மருந்து கொடுத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. 40 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி, வியர்த்துக் கொட்டியது. முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் 150 ரூபாய் மாத்திரையில் வீட்டிலேயே தீர்ந்திருக்கும். மருத்துவமனைக் கணக்கு 71,300. முன்னதாகக் கிளினிக்கும் சோதனைகளும் 3,850. காப்பீடு எடுக்கவில்லை. தை முகூர்த்தத்துக்கு வர வேண்டிய 14 பத்திரிகை வேலைகளில் ஒன்பது வேறு அச்சகத்துக்குப் போய்விட்டன. அதன் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, போட மனமில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்துதான் மனைவிக்குச் சொன்னேன். இரவு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடாரத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வந்து பார்த்திருப்பேனே, உங்களால் முதுகைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றாள். அது உண்மைதான். இந்தப் பொருக்கு பெரும்பாலும் நம் கண்ணுக்கு எளிதில் எட்டாத இடங்களில்தான் இருக்கும். அதைத் தேட இன்னொருவர் வேண்டும். தனியாகப் போங்கள், அதில் தவறில்லை. ஆனால் எங்கே போகிறோம், எங்கே படுத்தோம் என்று வீட்டில் ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்கட்டும்.

இனி கூடாரத்துக்குப் போனால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறார்கள். போவேன். ஆனால் புல்லைச் சாய்த்து அதன் மேல் விரிக்க மாட்டேன். வெறும் மண் தரையோ, சிமென்ட் களமோ, மொட்டை மாடியோ தேடுவேன். கனமான தார்ப்பாய் ஒன்றை அடியில் போட்டு, நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீள விடுவேன். கைலி கட்டிப் புல்லில் உட்கார மாட்டேன். முழுக்கை, முழுக்கால் சட்டை, காலுறைக்குள் சட்டைக்காலைச் செருகிவிடுவேன். கொசுவை விரட்டும் டீட் கலந்த களிம்பை ஆடை மூடாத தோலில் தடவிக்கொள்வேன். துணியைப் புதரில் காயப்போடும் பழக்கம் அறவே விட்டாயிற்று, இரண்டு மரத்துக்கு நடுவே கட்ட ஒரு கயிறு போதும், 40 ரூபாய். ஊர் திரும்பிய அன்றே துணிகளை வெந்நீரில் துவைத்து, நாரால் அழுத்தித் தேய்த்துக் குளிக்க வேண்டும். பிறகு மூன்று வாரத்துக்கு நாள்காட்டியில் ஒரு குறி போட்டு வைக்க வேண்டும். அதற்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "இன்ன தேதியில் காட்டுப் பக்கம் புல்லில் படுத்தேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா என்று பாருங்கள்." மருந்தை நாமாக வாங்கிப் போடக் கூடாது, ஆனால் கேள்வியை நாம் கேட்கலாம்.

மருத்துவமனையிலிருந்து வந்து நான்காம் நாள், பொங்கலன்று, திராட்சைத் தோட்டத்துப் பெரியவருக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தேன். எனக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தோட்டத்தில் களை எடுக்க வரும் ஒரு பெண்ணுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், இரண்டு இடத்தில் ஊசி போட்டும் விடவில்லை என்றார். "ஐயா, அவர் வீட்டுப் பெண்களை விட்டு உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள், கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறதா என்று" என்றேன். சாயங்காலம் அவரே அழைத்தார். தலைமுடிக்குக் கீழே, பின்கழுத்தில் இருந்ததாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம், அந்த நோயின் பெயரைத் திரும்ப ஒருமுறை சொல்லுங்கள் தம்பி என்றார். மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் பேத்தி அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.